பூசணி நாற்றுகளின் இளவேனிற் பாதுகாப்பு

பூசணி நாற்றுகளின் இளவேனிற் பாதுகாப்பு என்பது, குளிர் மிகுந்த மிதவெப்ப நாடுகளில் இளவேனில் காலத்தில் ஏற்படும் உறைபனி, குளிர்ந்த மண், பலத்த காற்று, தொடர்மழை ஆகியவற்றிலிருந்து இளம் பூசணிச் செடிகளைக் காப்பதற்குக் கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். பூசணி வெப்பத்தை விரும்பும் கொடியினம். ஆனால் அது பெருமளவில் பயிரிடப்படும் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் மே மாதத்தின் பிற்பகுதி வரைகூட இரவில் உறைபனி விழுவதுண்டு. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ உறைபனி மீண்டும் வந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்துக்குள் விதை முளைத்து, கொடி படர்ந்து, காய் முற்றவேண்டும். எனவே, செடியை முன்கூட்டியே நட்டுக் காப்பதா அல்லது மண் சூடேறும்வரை காத்திருப்பதா என்பது அந்நாட்டு வேளாளர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

இக்கட்டுரையில் பூசணி என்பது குக்கர்பிட்டா பேரினத்தைச் சேர்ந்த மஞ்சட் பூசணியைக் குறிக்கின்றது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது பரங்கி அல்லது சர்க்கரைப் பூசணி எனவும், இலங்கையில் பூசணி எனவும் அழைக்கப்படுகின்றது. வெண்பூசணி, சாம்பற் பூசணி, நீற்றுப் பூசணி என்றெல்லாம் வழங்கப்படுவது வேறு பேரினத்தைச் சேர்ந்த கொடியாகும்.

குளிரைத் தாங்காமைக்கான காரணம்

குக்கர்பிட்டா பேரினம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. இதில் குக்கர்பிட்டா பெப்போ என்னும் இனம் மெக்சிக்கோவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே வளர்ப்புப் பயிராகிவிட்டது என்பதற்கு ஒவாக்காப் பகுதியில் உள்ள கீலா நாக்கிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள் சான்றாக உள்ளன. மிகப் பெரிய காய்களைத் தரும் குக்கர்பிட்டா மாக்சிமா இனம் தென் அமெரிக்காவில் தோன்றியது. இவ்வினங்கள் மனிதருடன் வடக்கு நோக்கி நெடுந்தொலைவு பயணம் செய்தபோதும், உறைபனியைத் தாங்கும் இயல்பு அவற்றுக்கு வாய்க்கவில்லை. முட்டைக்கோசு, பட்டாணி போன்ற பயிர்கள் இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். பூசணி நாற்றுக்கு ஒரே இரவு போதும்.

குளிரினால் ஏற்படும் கேட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது உறைதல். இலைத் திசுக்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகும்போது உயிரணுக்களின் மென்சவ்வுகள் கிழிந்துவிடுகின்றன. சூரியன் எழுந்து பனி உருகியவுடன் இலை கரும்பச்சையாகி, வேகவைத்த கீரையைப்போலத் துவண்டுவிடும். இரண்டாவது குளிர்ப் பாதிப்பு. இதற்கு உறைபனி தேவையில்லை. வெப்பநிலை பல மணி நேரம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே நின்றாலே மென்சவ்வுகளின் இயக்கம் குன்றுகின்றது. வேர்கள் நீரை உறிஞ்சும் வேகமும் குறைகின்றது. இதனால், முதல்நாள் மழையில் நனைந்த மண்ணில் நிற்கும் செடிகூட மறுநாள் வெயிலில் வாடி நிற்பதைக் காணலாம். அனுபவமற்ற தோட்டக்காரர் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவார். அது மண்ணை மேலும் குளிர்விக்கும்.

மண்ணின் வெப்பநிலை

நாட்காட்டியைவிட மண்வெப்பமானி நம்பகமானது. பூசணி விதை முளைப்பதற்கு மண்ணின் வெப்பநிலை குறைந்தது சுமார் 16 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். 30 முதல் 35 பாகை வரை மிகவும் உகந்தது. அவ்வெப்பநிலையில் விதை ஒரு வாரத்துக்குள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும். குளிர்ந்த ஈரமண்ணில் இடப்பட்ட விதையோ வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கிடக்கும் காலத்தில் பித்தியம், ரைசொக்டோனியா முதலிய நுண்ணுயிர்கள் விதையை அழுகச் செய்கின்றன, அல்லது முளைத்த நாற்றைத் தரைமட்டத்தில் தாக்கி நாற்றழுகல் நோயை உண்டாக்குகின்றன. விதை ஈயின் புழுக்களும் இத்தகைய மண்ணில் முளைக்காமற் கிடக்கும் விதைகளைக் குடைந்து உண்ணும். மே முதல் வாரத்தில் இட்ட விதையை, மாத இறுதியில் சூடான மண்ணில் இட்ட விதை முந்திவிடுவது இதனால்தான்.

மண்ணைச் சூடாக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை, நடுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்னர் பாத்தியின்மேல் கறுப்புப் பாலித்தீன் தாளை விரிப்பதாகும். இது மேல்மண்ணின் வெப்பநிலையைச் சில பாகைகள் உயர்த்துகின்றது. தாள் மண்ணோடு ஒட்டி இறுக்கமாக இருக்கவேண்டும். இடையில் காற்று புகுந்தால் தாள் மட்டும் சூடாகும், மண் சூடாகாது. ஒளி ஊடுருவும் தாள் கறுப்புத் தாளைவிடக் கூடுதலாக மண்ணைச் சூடாக்கும். எனினும் அதன் அடியில் களைகளும் செழித்து வளரும்.

வைக்கோல் மூடாக்கு இதற்கு நேர்மாறானது. கோடையில் ஈரத்தைக் காக்கும் வைக்கோல், இளவேனிலில் சூரிய வெப்பம் மண்ணுக்குள் இறங்குவதைப் பகலில் தடுக்கின்றது. இரவில் மண்ணில் எஞ்சியிருக்கும் வெப்பம் மேலேறிச் செடியை அடைவதையும் தடுக்கின்றது. செடிக்குப் போர்வை போர்த்துவதாக எண்ணி அடியில் வைக்கோலைப் பரப்புவோர், உண்மையில் செடியை அதன் ஒரே கணப்பிலிருந்து பிரிக்கின்றனர். மண் நன்கு சூடேறிய பின்னரே வைக்கோல் இடுவது முறை.

உறைபனி விழும் இரவு

இளவேனிலின் பிற்பகுதியில் நாற்றுகளை அழிப்பது பெரும்பாலும் கதிர்வீச்சு உறைபனி ஆகும். பகலில் மண் சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றது. இரவில் அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியிடுகின்றது. வானில் முகில்கள் இருந்தால் அவை அக்கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள சூடான காற்று கீழுள்ள குளிர்ந்த காற்றோடு கலக்கும். முகிலும் காற்றும் இல்லாத இரவில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை. தரையும் இலைகளும் தம்மைச் சூழ்ந்த காற்றைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகின்றன. உதகமண்டலத்தில் குளிர்கால விடியலில் புல்வெளி வெண்ணிறமாகக் காட்சியளிப்பதும் இதே நிகழ்வினாலேயே ஆகும்.

இதிலிருந்து தோட்டக்காரர் அறிந்துகொள்ளவேண்டிய சில செய்திகள் உள்ளன. வானிலை அறிக்கை தரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில், நிழற்பெட்டிக்குள் அளக்கப்படுவதாகும். தெளிந்த இரவில் தரையோடு ஒட்டிய இலை அதைவிடச் சில பாகைகள் குளிர்ந்திருக்கும். அறிக்கை 2 அல்லது 3 பாகை என்று கூறும் இரவிலும் நாற்று உறைந்துபோகக்கூடும். மேலும், குளிர்ந்த காற்று எடை கூடியதாதலால் நீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. ஒரே தோட்டத்தில் மேட்டில் நிற்கும் செடி தப்ப, பள்ளத்தில் நிற்பது மடிந்துபோவது இதனாலேயே. சரிவின் கீழே அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று வெளியேற வழியின்றி வேலிக்கு மேற்புறம் தேங்கும்.

ஈரமண் வறண்ட மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமித்து, அதை மேற்பரப்புக்கு விரைவாகக் கடத்துகின்றது. ஆகவே உறைபனி எதிர்பார்க்கப்படும் நாளில் காலையிலேயே வறண்ட பாத்திக்கு நீர் பாய்ச்சுவது பயனுடையது. மாலையில் குளிர்நீர் பாய்ச்சுவதில் அப்பயன் கிடைப்பதில்லை. காற்றின் ஈரப்பதமும் முக்கியமானது. நீராவி பனித்துளியாக மாறும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் ஈரமான காற்று மெதுவாகவே குளிர்கின்றது. வறண்ட, தெளிந்த, அசைவற்ற மாலையே அஞ்சத்தக்கது.

உறைபனி முழுநிலவில்தான் விழும் என்ற நம்பிக்கை வட அமெரிக்க நாட்டுப்புறங்களில் பரவலாக உண்டு. நிலவு காரணமன்று. முகிலற்ற வானில்தான் நிலவு நன்கு தெரியும், அதே முகிலற்ற வானத்தினூடாகத்தான் தரையின் வெப்பமும் வெளியேறும். நடுவதற்குரிய நாளைக் குறிக்கும் மரபுகளும் பல உள்ளன. கனடாவில் மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா நாளுக்குப் பின்னரே மென்மையான செடிகளை வெளியில் நடவேண்டும் என்பர். நடு ஐரோப்பாவில் மே 11 முதல் 15 வரையான நாட்கள் பனிப் புனிதர்களின் நாட்கள் எனப்படுகின்றன. அவை கடக்கும்வரை நாற்றை வெளியே எடுக்கக்கூடாது என்பது அங்குள்ள வழக்கு. இத்தகைய நாட்கள் நீண்டகாலப் பட்டறிவின் சராசரியேயன்றி உறுதிமொழி அல்ல.

துருவப் பகுதியிலிருந்து பெரும் குளிர்காற்றுத் திரள் நகர்ந்து வருவதால் ஏற்படும் உறைபனி வேறு வகையானது. அப்போது காற்று வீசும், முகிலும் இருக்கலாம், இரவு முழுவதும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே நிற்கும். கீழே கூறப்படும் மூடிகளில் பெரும்பாலானவை அத்தகைய நிலையில் சிறிதளவே உதவும்.

மூடிகள்

எந்த மூடியும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பம் வானத்துக்குத் தப்பிச் செல்வதை அது தாமதப்படுத்துகின்றது, அவ்வளவே. எனவே மூடி செடியைச் சுற்றிக் கட்டப்படாமல், அகலமாகப் பரந்து எல்லாப் பக்கமும் தரையைத் தொடவேண்டும். தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி, மண்ணின் வெப்பத்தைச் செடியிடம் வரவிடாமல் செய்கின்றது. ஓரிரவுத் தேவைக்குக் கவிழ்த்த வாளி, அட்டைப் பெட்டி, பழைய படுக்கை விரிப்பு ஆகியவையே போதுமானவை. சூரியன் மறையும் முன், மண்ணில் வெப்பம் இருக்கும்போதே இவற்றை இட்டுவிடவேண்டும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு ஓடிப்போய் மூடுவதனால் குளிர்ந்துபோன மண்ணையே மூடுகின்றோம்.

மணிக்கண்ணாடி எனத் தக்க கண்ணாடி மூடிகள் இவ்வகையில் பழமையானவை. மணி வடிவில் ஊதிச் செய்யப்பட்ட இவற்றை 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் பயன்படுத்தினர். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மணியையும் கையால் தூக்கி, மரத்துண்டை முட்டுக்கொடுத்துக் காற்றோட்டம் தந்து, மாலையில் மீண்டும் இறக்கவேண்டும். பின்னர் மெழுகுத்தாள் தொப்பிகளும், இன்று அடிவெட்டிய பிளாஸ்டிக் புட்டிகளும் அதே வேலையைச் செய்கின்றன. கண்ணாடி மூடியிட்ட மரச்சட்டப் பெட்டிகள் நாற்றுகளைச் சில வாரங்கள் வைத்துப் பழக்குவதற்கு ஏற்றவை.

நெய்யா இழைத்துணியாலான வரிசைமூடிகள் இன்று பெரிதும் வழக்கில் உள்ளன. பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெசுத்தர் இழைகளை நெய்யாமல் ஒட்டவைத்துச் செய்யப்படும் இத்துணி, ஒளியையும் மழைநீரையும் உள்ளே விடும். நியூ ஆம்ப்சயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓத்தோ வெல்ஸ், பிரென்ட் லாய் ஆகியோர் 1980களில் வரிசைமூடிகள் பற்றி மேற்கொண்ட ஆய்வுகள் இவை பரவுவதற்குத் துணைபுரிந்தன. இவர்களுள் லாய் பூசணிப் பயிர்ப்பெருக்க அறிஞராகவும் புகழ்பெற்றவர். சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய துணி ஓரிரு பாகை மட்டுமே காப்பளிக்கும். ஆனால் ஒளியில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை உள்ளே விடும். 50 கிராம் எடையுள்ள தடித்த துணி 3 முதல் 4 பாகை வரை காக்கக்கூடும், எனினும் ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்துவிடும். ஆகவே தடித்த துணியை உறைபனி இரவுகளுக்கு மட்டும் இட்டு எடுப்பது நன்று. கம்பி வளைவுகளின்மேல் துணியை விரிப்பது காற்றில் துணி இலையோடு உராய்வதைத் தடுக்கும். உறைபனி இரவில் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகள்தாம் முதலில் கருகும்.

தெளிவான பாலித்தீன் தாளால் அமைந்த தாழ்ந்த சுரங்கக்கூடுகள் பகலில் மிகவும் சூடாக இருப்பதால் இரவிலும் நன்கு காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழுமையாகச் சரியன்று. கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும், சாதாரணப் பாலித்தீனோ அவற்றைப் பெருமளவு ஊடுருவவிடும். தெளிந்த இரவில் சுரங்கக்கூட்டின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சற்றே குளிர்ந்துபோவதும் உண்டு. தாளின் உட்பரப்பில் நீர்த்துளிகள் படிந்தபின் நிலைமை ஓரளவு மேம்படும், ஏனெனில் நீர் அக்கதிர்களைத் தடுக்கவல்லது.

நீரைக் கொண்டே செடியைக் காக்கும் கருவியும் உண்டு. இது நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்களை வட்டமாக இணைத்துச் செடியைச் சுற்றிக் கூம்புபோல நிறுத்துவதாகும். ஒரு கூம்பு சுமார் 11 லிட்டர் நீரைக் கொள்ளும். ஒரு கிலோகிராம் நீர் ஒரு பாகை குளிரும்போது 4.2 கிலோசூல் வெப்பம் வெளிப்படுகின்றது. அதே நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது 334 கிலோசூல், அதாவது 80 பாகை குளிர்ந்ததற்குச் சமமான வெப்பம் வெளிப்படுகின்றது. 11 லிட்டர் நீரும் உறைவதாயின் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரத்துக்கு ஈடாகும். குழாய்களில் உள்ள நீர் முற்றிலும் உறையும்வரை கூம்பின் உட்புறம் உறைநிலைக்கு மிகவும் கீழே செல்வதில்லை. நீர் உறைவது கண்டு தோட்டக்காரர் அஞ்சவேண்டியதில்லை, நீர் தன் வேலையைச் செய்கின்றது என்பதே அதன் பொருள். இதன் குறை, விலையும் நீர் நிரப்பும் வேலையுமாகும். ஏக்கர் கணக்கில் பயிரிடுவோருக்கு இது உதவாது.

மூடியினால் வரும் ஆபத்து

உறைபனியில் இறக்கும் நாற்றுகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு, மூடிக்குள் வெந்து இறக்கும் நாற்றுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெளியே 15 பாகை மட்டும் இருக்கும் வெயில் நாளில், மூடப்பட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் வெப்பநிலை 40 பாகையைக் கடந்துவிடக்கூடும். அதிகாலையில் வேலைக்குச் சென்றுவிட்டு மாலையில் திரும்புவோரின் தோட்டங்களில் இது அடிக்கடி நேர்கின்றது. மூடியின் மேற்புறத்திலோ இரு முனைகளிலோ துளைகள் இருப்பதும், ஐயமுள்ள நாளில் மூடியைக் காலையிலேயே விலக்கிவிடுவதும் அவசியம். மூடிக்குள்ளேயே வாரக்கணக்கில் வளர்ந்த நாற்று நீண்டு மெலிந்து, இலைத்தோல் மென்மையாகி, வெளிக்காற்றுப் பட்டவுடன் துவண்டுவிடும்.

வீட்டுக்குள்ளோ பசுமைக் குடிலிலோ வளர்த்த நாற்றை வெளியில் நடுமுன் 7 முதல் 10 நாட்கள் கடினப்படுத்துவது இதற்காகவே. முதல்நாள் ஓரிரு மணி நேரம் நிழலில் வைத்து, நாளுக்குநாள் வெயிலிலும் காற்றிலும் வைக்கும் நேரத்தைக் கூட்டி, நீரைச் சற்றுக் குறைப்பர். பூசணியைப் பொறுத்தவரை இதில் ஓர் எல்லை உண்டு. முட்டைக்கோசு நாற்றைக் குளிரில் வைத்துக் குளிருக்குப் பழக்கலாம், பூசணி நாற்றைக் காற்றுக்கும் வெயிலுக்கும் மட்டுமே பழக்கலாம். 10 பாகைக்குக் கீழே செல்லும் இரவில் அதை உள்ளே எடுத்துவிடவேண்டும். பூசணி வேர்கள் கலைக்கப்படுவதை விரும்புவதில்லையாதலால், கரிமண் கிண்ணங்களில் வளர்த்துக் கிண்ணத்தோடு நடுவது வழக்கம். கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரிபோல ஈரத்தை உறிஞ்சி வேர்களை வறளச் செய்யும். நாற்றின் வயது இரண்டு முதல் மூன்று வாரங்களும், இலைகள் ஒன்று அல்லது இரண்டும் இருப்பது போதுமானது. மேலும் வளர்ந்த நாற்று நட்டபின் நெடுநாள் திகைத்து நிற்கும்.

காற்றும் மழையும்

பூசணி நாற்றின் தண்டு உட்பொள்ளலானது, சாறு மிகுந்தது. இரண்டு பெரிய வித்திலைகள் பாய்போலக் காற்றை வாங்க, தண்டு தரைமட்டத்தில் முறுக்குண்டு உடைகின்றது. மணற்பாங்கான நிலங்களில் காற்றோடு பறக்கும் மணல் இலைகளையும் தண்டையும் தேய்த்துப் புண்ணாக்கும். வட அமெரிக்காவில் இத்தகைய நிலங்களில், முந்திய இலையுதிர்காலத்தில் ரை தானியத்தை விதைத்து, இளவேனிலில் அதன் நடுவே பட்டைகளாக உழுது பூசணியை நடுவர். எஞ்சிய ரை வரிசைகள் உயிருள்ள காற்றுத் தடுப்பாகின்றன. சுவர்போன்ற திண்ணிய தடுப்பைவிட, பாதியளவு காற்றை ஊடுருவவிடும் தடுப்பே சிறந்தது. திண்ணிய தடுப்பைத் தாண்டும் காற்று மறுபுறம் சுழன்று விழும். ஊடுருவும் தடுப்பு தன் உயரத்தைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு தொலைவுவரை காற்றைத் தணிக்கும்.

ஆலங்கட்டி மழைக்கு வாளியைக் கவிழ்ப்பது தவிர வேறு வழி அதிகமில்லை. தொடர்மழைக்கோ எந்த மூடியும் மருந்தன்று. ஐக்கிய அமெரிக்காவில் புட்டியிலும் தகரப் பேணியிலும் அடைக்கப்படும் பூசணியில் மிகப் பெரும்பகுதி இலினொய் மாநிலத்தில் விளைகின்றது. 2015 ஜூனில் அங்கு பெய்த கடும் மழையினால் வயல்களில் நீர் தேங்கி இளம் செடிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டின் விளைச்சல் குறைந்து, நன்றி தெரிவித்தல் நாளுக்குப் பூசணி கிடைக்குமா என்ற கவலை நாடெங்கும் செய்தியாயிற்று. நீர் தேங்காத நிலத்தைத் தேர்வதும், உயர்த்திய பாத்தி அமைப்பதும் விதைக்குமுன் செய்யவேண்டியவை.

முதற்குடி மக்களின் முறைகள்

மேடுகட்டிப் பயிரிடுதல் வட அமெரிக்க முதற்குடிகளிடையே பழமையான வழக்கமாகும். ஓடினோசோனி மக்கள் சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் மேடுகளில் சேர்த்துப் பயிரிட்டு மூன்று சகோதரிகள் என அழைத்தனர். மேட்டு மண் விரைவில் சூடேறும், நீரும் வடிந்துவிடும்.

இடாட்சா இனத்தைச் சேர்ந்த எருமைப்பறவைப் பெண் எனப் பொருள்படும் பெயர்கொண்ட மூதாட்டி, மிசூரி ஆற்றங்கரையில் தம் மக்கள் பயிரிட்ட முறைகளைக் கில்பர்ட் வில்சன் என்னும் ஆய்வாளருக்கு விரிவாகக் கூறியுள்ளார். இது 1917இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில், அதாவது பூசணிக்கு மிகவும் கடினமான தட்பவெப்பத்தில், இம்மக்கள் பயிரிட்டனர். அவர்கள் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் பூசணியை நட்டனர். ஆனால் அதற்கு முன்னரே விதைகளை ஈரமான புல்லிலும் இலைகளிலும் பொதிந்து, தோலில் சுற்றி, வீட்டுக்குள் நெருப்பின் அருகே தொங்கவிட்டு முளைக்கவைத்தனர். குளிர்ந்த மண்ணில் விதை அழுகும் நாட்களை இவ்வாறு அவர்கள் தவிர்த்துவிட்டனர். முளைத்த விதையை மேட்டின் உச்சியில் நடாமல் சாய்ந்த பக்கத்தில் நட்டனர். மழை அடித்து மண் இறுகிப் படலமாகும்போது, உச்சியில் உள்ள முளை அதைப் பிளக்கமுடியாமல் போகும், பக்கவாட்டில் உள்ளது எளிதாக வெளிவரும் என்பது அவர் தந்த விளக்கம். வெப்பமானியும் பிளாஸ்டிக்கும் இல்லாத காலத்தில் குளிர், அழுகல், மழை ஆகிய மூன்றுக்கும் ஒரே நடவுமுறையில் விடை கண்டிருந்தனர்.

பெரும்பூசணி வளர்ப்போர்

சாதாரணப் பூசணி வகைகள் 90 முதல் 120 நாட்களில் முற்றுகின்றன. அக்டோபர் 31இல் வரும் ஆலோவீன் விழாவுக்குக் காய் வேண்டுமாயின் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ நேரடியாக விதைத்தாலே போதும். ஆகவே வணிகப் பண்ணைகளில் பெரும்பாலானவை எந்த மூடியும் இன்றி, மண் சூடேறும்வரை காத்திருக்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே சிறந்த அறிவுரை எனலாம்.

காத்திருக்க முடியாதவர்கள் பெரும்பூசணி வளர்க்கும் போட்டியாளர்களே. எடைபோடும் போட்டிகள் அக்டோபர் தொடக்கத்தில் நடைபெறுவதால், அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் எடையாகும். கனடாவின் ஒன்ராறியோவைச் சேர்ந்த வில்லியம் வார்னொக் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 403 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 183 கிலோகிராம் எடையுள்ள பூசணியைக் காட்சிப்படுத்தினார். அச்சாதனை எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. நோவா ஸ்கோசியாவின் வின்சர் நகரைச் சேர்ந்த ஓவர்ட் டில் (1934–2008) அட்லாண்டிக் சயன்ட் என்னும் வகையை உருவாக்கி, 1981இல் 493.5 இறாத்தல் எடையுள்ள காயை விளைவித்தார். அவ்வகையின் வழிவந்த விதைகளைக் கொண்டு மினசோட்டாவின் திராவிஸ் கியெஞ்சர் 2023இல் 2,749 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,247 கிலோகிராம் எடையை எட்டி, அந்நாளைய உலகச் சாதனையை முறியடித்தார். நோவா ஸ்கோசியாவும் மினசோட்டாவும் குளிர் மிகுந்த இடங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இவர்கள் ஏப்ரல் மாதத்தில் வீட்டுக்குள் விதையை முளைக்கவைத்து, ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ வெளியில் நடுகின்றனர். ஒவ்வொரு செடிக்கும் மரச்சட்டமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட சிறிய குடில் கட்டப்படுகின்றது. மண்ணுக்குள் மின்வெப்பக் கம்பி புதைக்கப்படும். குளிர் இரவுகளில் குடிலுக்குள் மின்குமிழ் எரியும். பழைய இழைக்குமிழ்கள் இதற்கு விரும்பப்படுகின்றன, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் புதிய குமிழ்கள் போதிய வெப்பம் தருவதில்லை. நடும்போது நாற்றின் திசையும் கவனிக்கப்படுகின்றது. முதன்மைக் கொடி பொதுவாக முதல் இலைக்கு எதிர்ப்புறமாகவே படரும். ஆகவே கொடி படரவேண்டிய திசைக்கு எதிராக முதல் இலை இருக்குமாறு நடுவர். நிமிர்ந்து வளரும் கொடி தரையில் சாயும் நாட்களே மிகவும் ஆபத்தானவை. அந்நேரத்தில் பலத்த காற்று வீசினால் கொடி அடியோடு முறிந்துவிடும். இதைத் தவிர்க்க, கொடியின் இருபுறமும் மூங்கிற் குச்சிகளைப் பெருக்கற் குறிபோலக் குறுக்காக ஊன்றி, கொடியைச் சிறிது சிறிதாகத் தரைக்குத் தாழ்த்துவர். தரையைத் தொட்ட கணுக்களை மண்ணிட்டு மூடினால் அங்கும் வேர்விட்டுக் கொடி பிடிப்புக்கொள்ளும்.

மூடியை அகற்றும் காலம்

வரிசைமூடிக்கு உறைபனியோடு தொடர்பற்ற மற்றொரு பயனும் உண்டு. வரியுள்ள வெள்ளரி வண்டு வட அமெரிக்காவில் இளம் பூசணிச் செடியின் பெரும் பகையாகும். இது வித்திலைகளைத் தின்பதோடு, பாக்டீரிய வாடல் நோயையும் பரப்புகின்றது. ஓரங்களை மண்ணிட்டு மூடிய துணி வண்டை உள்ளே விடாது. ஆயினும் முந்திய ஆண்டு அதே இடத்தில் பூசணி இனப்பயிர் இருந்திருந்தால், மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்த வண்டுகள் துணிக்குள்ளேயே வெளிவந்து விருந்துண்ணும்.

உறைபனி அச்சம் நீங்கிய பின்னரும் வண்டுக்காகத் துணியை விட்டுவைக்கலாம். ஆனால் பெண்பூக்கள் மலரத் தொடங்கியதும் அதை எடுத்தாகவேண்டும். பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியானவை, விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடுபவை. தேனீக்களும், பூசணிப் பூக்களின் மகரந்தத்தையே நம்பி வாழும் பூசணித் தேனீக்களும் உள்ளே செல்ல வழியில்லாவிடில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மூடியை அகற்ற முகில் சூழ்ந்த நாளின் மாலை ஏற்றது.

பாதிக்கப்பட்ட நாற்று

உறைபனிக்குப் பின்னர் நாற்றை உடனே பிடுங்கிவிடவேண்டியதில்லை. இரு வித்திலைகளுக்கு நடுவே உள்ள வளர்முனை பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால், வெளியிலைகள் கருகினாலும் செடி மீண்டும் துளிர்க்கக்கூடும். அம்முனை கருகி மென்மையாகிவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. கருகிய இலைகளை உடனே வெட்டாமல், புது இலை விரியும்வரை விட்டுவைப்பர். குளிரில் நெடுநாள் நின்று வெளிறிப்போன செடியைவிட, ஜூன் முதல் வாரத்தில் அதனருகே புதிதாக ஊன்றிய விதை பல வேளைகளில் முன்னதாகவே படர்ந்துவிடுகின்றது. இதனால் நாற்று நடும் தோட்டக்காரர் பலர், சில விதைகளை எடுத்துவைத்திருப்பது வழக்கம்.